பாப்பாவுக்கு 5 மாதம், அம்மாவுக்கு வாரம் நாலு 'அட்டாக்'

கேள்வி: எனக்கு வயது 26. கரூர் பக்கம் ஒரு கிராமம். சிசேரியனில் பெண் குழந்தை பிறந்து 5 மாதம் ஆகிறது. மூன்றரை மாத ஊசி போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்பும்போது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து மூச்சு முட்டியது. வாயைச் சுற்றியும் விரல்களும் மரத்துப்போயின. உயிர் போகப்போகிறது என்றே நினைத்தேன். பக்கத்து சீட் அம்மாவிடம் பாப்பாவைக் கொடுத்துவிட்டு, அவரோடு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, "ஒன்றுமில்லை, கேஸ்" என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாலு முறை வருகிறது. தூக்கத்திலும் எழுப்பிவிடுகிறது. அத்தை மந்திரித்துக் கயிறு கட்டினார். பக்கத்து வீட்டு அக்கா பாதி தூக்க மாத்திரை கொடுத்தார், இரண்டு தடவை போட்டேன். இப்போது பாப்பாவை நான் தனியாகக் குளிப்பாட்டுவதில்லை. பஸ் ஏறுவதில்லை. ஆக்சிமீட்டரை ஒரு நாளைக்கு இருபது முப்பது முறை விரலில் மாட்டிப் பார்க்கிறேன். மூன்று முறை என் கணவரை வேலையிலிருந்து ஓடி வர வைத்துவிட்டேன். எழுதவே கூசுகிறது. மாடியில் நிற்கும்போது பாப்பாவைக் கீழே போட்டுவிடுவேனோ என்று நினைப்பு வருகிறது. மாத்திரை சாப்பிட வேண்டும் என்றால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "பக்கத்து சீட் அம்மாவிடம் பாப்பாவைக் கொடுத்துவிட்டு." உங்களுக்கு வந்ததிலேயே பெரிய அட்டாக் அதுதான். உயிர் போகிறது என்று நம்பிய அந்த நிமிடத்திலும் உங்கள் கை குழந்தையை நழுவ விடவில்லை. ஆள் பார்த்துப் பத்திரமாகக் கொடுத்திருக்கிறது. இதை மறந்துவிடாதீர்கள், கீழே திரும்பவும் தேவைப்படும்.

நீங்கள் சொல்கிற அடையாளங்கள் பேனிக் அட்டாக்கோடு, அதாவது திடீரென்று தாக்கும் பெரும் பயத்தோடு, அப்படியே பொருந்துகின்றன. திடீரென்று கிளம்பி, சில நிமிடங்களில் உச்சிக்குப் போகும். படபடப்பு, மூச்சுத் திணறல், மரத்துப்போதல், வியர்வை, நடுக்கம், குமட்டல், கிறுகிறுப்பு, செத்துவிடுவோம் அல்லது புத்தி பேதலித்துவிடும் என்ற பயம், இவற்றில் குறைந்தது நாலு சேர்ந்து வரும். ஒரு தடவை வருவது பலருக்கும் நடப்பதுதான். திரும்பத் திரும்ப வந்து, 'அடுத்தது எப்போது' என்ற கவலையோ, அதற்குப் பயந்து வேலைகளைத் தவிர்ப்பதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அதைச் சிகிச்சை தேவைப்படும் கோளாறாக எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் அந்த இடத்தில் இருக்கிறீர்கள். நன்றாகக் குணமாகிற கோளாறு இது.

ஆனால் 'கேஸ்' என்று சொல்லி அனுப்பியதை ஏற்க முடியாது. பிரசவமான ஒரு வருடத்துக்குள் இருப்பவருக்கு முதல் முறை இப்படி வந்தால் சில பரிசோதனைகளைச் செய்யாமல் மனசு மேல் பழி போடக்கூடாது. முதலில் தைராய்டு. பிரசவத்துக்குப் பிறகு ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் சிலருக்குத் தைராய்டு சுரப்பி தற்காலிகமாக வீங்கி, சேர்த்து வைத்திருந்த ஹார்மோனை மொத்தமாக ரத்தத்தில் கொட்டிவிடும். உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நூறைத் தாண்டும். கை நடுங்கும், வெக்கை தாங்காது, சாப்பிட்டாலும் எடை இறங்கும். டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் பாருங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பிரசவத்துக்குப் பிறகு நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். பல லேப் கருவிகளில் அது தைராய்டு அதிகமாக இருப்பது போலப் பொய்யான எண்களைக் காட்டும். இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள், லேப்பிலும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஹீமோகுளோபின். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. படி ஏறினாலே இதயம் அடித்துக்கொள்ள அது ஒன்றே போதும். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதுதான் அரசின் கணக்கு. உங்களுக்கு இன்னும் அந்தக் காலம் முடியவில்லை. நிறுத்தியிருந்தால் திரும்ப ஆரம்பியுங்கள். காபி, டீயோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

இதயத்தைப் பொறுத்தவரை, அட்டாக் ஓய்ந்த பிறகு எடுத்த ஈ.சி.ஜி. எல்லாவற்றையும் சொல்லிவிடாது. படபடப்பு சுவிட்ச் போட்டதுபோலச் சட்டென்று ஆரம்பித்து, அதேபோலச் சட்டென்று நிற்கிறதா, நாடி நிமிடத்துக்கு 150-க்கு மேல் போகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அது இதயத் துடிப்பின் மின்கோளாறாக இருக்கலாம். 24 மணி நேரம் உடம்போடு மாட்டி வைக்கும் ஹோல்டர் கருவியை டாக்டர் எழுதித் தருவார். பேனிக் அட்டாக்கில் துடிப்பு ஏறுவது வேகமாக இருந்தாலும் இறங்குவது மெதுவாகத்தான் இருக்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது, இரண்டு காலும் வீங்குகிறது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, இருமினால் ரத்தம் வருகிறது, வேலை செய்யும்போது நெஞ்சு வலித்து ஓய்ந்தால் விடுகிறது, நிஜமாகவே நினைவு தப்பி விழுந்தீர்கள், இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதெல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்துவிட்டால், திரும்பத் திரும்ப டெஸ்ட் எடுக்காதீர்கள். ஏன் என்பது பிறகு புரியும்.

இனி அந்தப் பஸ்ஸில் உடம்புக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். மூன்று மாதமாகத் தொடர்ந்து இரண்டு மணி நேரம்கூடத் தூங்காத உடம்பு, சிசேரியன் புண், கூட்டம், வெயில், ஊசி போட்டு அழுகிற குழந்தை. ஆபத்து என்றால் உடம்பைத் தயார்படுத்தும் அட்ரினலின் ஹார்மோன் சுரக்க இவ்வளவு போதும். இதயம் வேகமெடுக்கிறது. 'எனக்கு என்னமோ ஆகுது' என்று நினைத்த நொடியில் அந்த நினைப்பே இன்னொரு தவணை அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது. மூச்சு முட்டுகிறது என்று வேகவேகமாக இழுக்கிறீர்கள். உண்மையில் காற்று குறையவில்லை, கூடிவிட்டது. கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கொஞ்சம் சுருங்கிக் கிறுகிறுப்பு வரும். எல்லாம் கனவில் நடப்பதுபோல இருக்கும். ரத்தத்தில் தனித்துத் திரியும் கால்சியமும் குறைவதால் வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போகும். சிலருக்கு விரல்கள் கூம்பி ஒட்டிக்கொள்ளும். அது பக்கவாதம் இல்லை. மூச்சு சீரானால் தானே விட்டுவிடும்.

மயங்கி விழுந்து பாப்பாவைப் போட்டுவிடுவோமோ என்பதுதான் உங்கள் பெரிய பயம் என்று தெரிகிறது. மயக்கம் வர ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். பேனிக் அட்டாக்கில் அது ஏறுகிறது. அதனால் கிறுகிறுத்தாலும் மயங்கி விழுவது அபூர்வம். ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தாலே மயங்குகிற வழக்கம் உள்ளவர்கள் இதற்கு விதிவிலக்கு. கை வலுவிழந்ததுபோல இருப்பதும் உணர்வுதான். அந்த நேரத்தில் தசைகள் இறுகித்தான் இருக்கும், பிடி தளராது. பஸ்ஸில் அதுதான் நடந்தது.

அட்ரினலின் ரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. அதனால்தான் அட்டாக் 10 நிமிடத்துக்குள் உச்சியைத் தொட்டு, பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடுகிறது. 'நாள் முழுக்க இருந்தது' என்பவர்களுக்கு, ஒன்று இறங்குவதற்குள் அதைப் பற்றிய பயம் அடுத்ததைக் கிளப்பிவிட்டிருக்கும். ராத்திரி எழுப்பிவிடுவதும் இதே சங்கதிதான். தூங்கி ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள், லேசான தூக்கத்திலிருந்து ஆழ்ந்த தூக்கத்துக்கு இறங்குகிற கட்டத்தில் வரும். கெட்ட கனவே இருக்காது. தூக்கத்தில் உயிர் போய்விடும் என்று விழித்தே இருந்தால், தூக்கம் கெட்டு மறுநாள் இன்னும் சுலபமாக வரும்.

அட்டாக் வரும்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பாப்பா கையில் இருந்தால் அப்படியே சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருங்கள். முடிந்தால் பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், பக்கத்தில் தலையணையோ துணிமூட்டையோ வேண்டாம். தூளியில் போடப் போகாதீர்கள், அந்த நேரத்தில் குனிந்து நிமிர்வது வேண்டாத வேலை. அடுப்பு எரிந்தால் அணையுங்கள். பாப்பா ஐந்து நிமிடம் அழுதால் ஒன்றும் ஆகாது. பிறகு மனசுக்குள் "இது பேனிக் அட்டாக். ஏறும், இறங்கும்" என்று ஒரு தடவை சொல்லிக்கொள்ளுங்கள். ஒரு தடவை போதும்.

மூச்சில்தான் பலரும் தப்புப் பண்ணுகிறார்கள். சுற்றி நிற்பவர்கள் "நல்லா ஆழமா இழுத்து விடு" என்பார்கள். அதைக் கேட்டால் மரமரப்பு கூடும், ஏற்கெனவே காற்று அதிகமாகத்தான் உள்ளே போயிருக்கிறது. இழுப்பதைக் குறைத்து, விடுவதை நீட்ட வேண்டும். வலது கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக, சாதாரண அளவுக்கே, நாலு எண்ணி இழுங்கள். வயிறு மேலே வர வேண்டும், தோள் ஏறக்கூடாது. ஆறு எண்ணி வாய் வழியாக விடுங்கள். எதிரே ஒரு அகல் விளக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுடர் ஆட வேண்டும், அணையக்கூடாது, அந்த அளவு ஊதல். ஒரு மூச்சுக்கு 10 விநாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. காகிதப் பையில் மூச்சு விடுவது பழைய முறை. நிஜமாக இதயமோ நுரையீரலோ பாதித்திருந்தால் ஆபத்து என்பதால் கைவிட்டாயிற்று.

இந்த மூச்சை அட்டாக்கின்போதுதான் செய்வேன் என்றால் வராது. வெள்ளம் வந்த பிறகு நீச்சல் பழக முடியாது. காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை, பால் கொடுக்க உட்காரும்போது 5 நிமிடம், அதாவது 30 மூச்சு. இரண்டு வாரத்தில் உடம்புக்குப் பழகிவிடும். மூச்சால் அட்டாக்கை நிறுத்திவிட வேண்டும் என்று வரிந்துகட்டாதீர்கள். 'நிற்கிறதா, நிற்கிறதா' என்று பார்ப்பதே அதை வளர்க்கும். இறங்குகிற வரை கூட இருப்பதற்குத்தான் மூச்சு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு அட்டாக் உங்களை ஒன்றும் செய்யாது. அது வரக்கூடாது என்பதற்காக நீங்கள் செய்கிற காரியங்கள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. பஸ்ஸை விட்டீர்கள், குளிப்பாட்டுவதை விட்டீர்கள், ஆக்சிமீட்டரை மாட்டுகிறீர்கள், அவரைக் கூப்பிடுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் பயம் சட்டென்று இறங்குகிறது. ஆனால் மூளை பாடம் எழுதிக்கொள்வது இப்படி: 'அன்றைக்குத் தப்பித்தது அவர் வந்ததால்.' தானாகவே இறங்கியிருக்கும் என்பதை அது கற்றுக்கொள்ள நீங்கள் வாய்ப்பே கொடுக்கவில்லை. ஆக்சிமீட்டரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பதற்றத்தில் விரல் ஜில்லிட்டுப் போகும், ஜில்லிட்ட விரலில் கருவி குறைத்துக் காட்டும். 98 இருக்க வேண்டிய இடத்தில் 91-ஐப் பார்த்தால் யாருக்கும் அட்டாக் வரும்! அதை அத்தையிடம் கொடுத்து பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். டாக்டர் கேட்டால் எடுக்கலாம். ராத்திரி போனில் 'இளவயது மாரடைப்பு' என்று தேடுவதும் இதே கணக்குதான்.

திரும்பி வருவது படிப்படியாக. பயத்துக்கு 0-லிருந்து 10 வரை மார்க் போடுங்கள், 3 அல்லது 4 மார்க் வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். குளிப்பாட்டுவதை எடுத்துக்கொள்வோம். மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பாப்பாவைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றும்போது வழுக்கிவிடும் என்பதுதானே பயம்? முதல் மூன்று நாள் எண்ணெய் இல்லாமல், அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, நீங்களே குளிப்பாட்டுங்கள். அத்தை கை வைக்கக்கூடாது, அதைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, அத்தை அடுப்படியில், கதவு திறந்திருக்கும். அடுத்து, அத்தை வாசலில். அதன்பிறகு அத்தை கடைக்குப் போய்விட வேண்டும். தண்ணீர், துண்டு, சொம்பு, மாற்றுத்துணி எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அது பயத்துக்காக இல்லை, பாப்பாவைக் காலில் போட்டுவிட்டு யாரும் எழுந்திருக்கக்கூடாது என்பதற்காக. எண்ணெயைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

பஸ்ஸுக்கும் அப்படித்தான். முதலில் பாப்பா இல்லாமல், அவரோடு, கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் இரண்டு ஸ்டாப். பிறகு தனியாக இரண்டு ஸ்டாப். பிறகு தனியாகக் கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்புவது. பிறகு பாப்பாவோடு உட்கார்ந்து. கூட்டமான பஸ் கடைசிப் படி. வாரத்துக்கு ஒரு நாள் என்று இழுத்தால் ஒட்டாது, ஒரே படியை வாரத்துக்கு நாலைந்து நாள் செய்யுங்கள். ஜன்னல் ஓர சீட்டுக்காகக் காத்திருப்பது, கையில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டே போவது, படிக்குப் பக்கத்திலேயே நிற்பது, இந்த மாதிரிச் சின்னச்சின்ன ஊன்றுகோல்களை ஒவ்வொன்றாக விடுங்கள். நடுவில் அட்டாக் வந்தால் இறங்காமல் இருக்கப் பாருங்கள். முடியாமல் இறங்கிவிட்டால் குற்றமில்லை, ஆனால் வீட்டுக்கு ஆட்டோ பிடிக்காதீர்கள். மூச்சு சீரானதும் அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு முறையும் நாலு விஷயம் எழுதுங்கள்: போவதற்கு முன் என்ன நடக்கும் என்று பயந்தேன், பயம் அதிகபட்சம் எத்தனை மார்க், எத்தனை நிமிடத்தில் பாதியானது, கடைசியில் என்ன நடந்தது. மூன்றாவது வாரத்தில், நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நான் சொல்வதைவிட அந்த நோட்டு சொல்வது உங்களுக்கு உறைக்கும்.

மனநல ஆலோசகரிடம் போனால் இன்னொன்றும் செய்யச் சொல்வார். பயப்படுகிற உணர்வை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்ப்பது. நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுவது படபடப்புக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ராவில் ஒரு நிமிடம் மூச்சு விடுவது திணறலுக்கு. நின்று ஒரு நிமிடம் சுற்றுவது கிறுகிறுப்புக்கு. கேட்கச் சித்திரவதை மாதிரி இருக்கும். ஆனால் 'இந்தப் படபடப்பு வந்தால் செத்துவிடுவேன்' என்ற முடிச்சை அவிழ்க்க இதைவிட வேகமான வழி குறைவு. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் செய்யக்கூடாது. உங்களுக்கு வயிற்றில் தையல் போட்டிருப்பதால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, பாப்பா வேறொருவர் கையில் இருக்கும்போது ஆரம்பியுங்கள்.

எழுதக் கூசிய விஷயம். மாடியில் நிற்கும்போது வரும் அந்த நினைப்பு. கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் இப்படிப்பட்ட நினைப்பு மின்னி மறைவது மிகச் சாதாரணம். போட்டுவிடுவேனோ, கத்தி பட்டுவிடுமோ, தண்ணீரில் அமுக்கிவிடுவேனோ என்று வரும். வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். நினைப்பு வந்ததும் உங்களுக்குப் பதறுகிறது, பின்வாங்குகிறீர்கள். அது உங்கள் ஆசைக்கு நேர் எதிரானது என்பதால்தான் அந்தப் பதற்றம். அதற்காக மாடிப்பக்கமே போகாமல் இருந்தால், 'நான் ஆபத்தானவள்' என்று மூளை எழுதிக்கொள்ளும். வந்தால் வரட்டும், 'இது ஒரு நினைப்பு' என்று விட்டுவிட்டுத் துணியைக் காயப்போடுங்கள். டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள், குழந்தையைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள்.

இதிலிருந்து முற்றிலும் வேறான ஒன்று உண்டு. அதை உங்கள் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். தூக்கமே இல்லாமல், அதைப் பற்றிய களைப்பும் இல்லாமல் பரபரவென்று இருப்பது, காதில் குரல் கேட்பது, குழந்தையைச் சாமி என்றோ பேய் என்றோ நம்புவது, யாரோ கொல்லச் சொல்கிறார்கள் என்பது. பெரும்பாலும் பிரசவமான முதல் இரண்டு வாரங்களில் ஆரம்பிக்கும். அது அவசர நோய், அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதேபோல, 'நான் இல்லாமல் போனால் நல்லது' என்ற எண்ணம் உங்களுக்கு எப்போதாவது வந்தால் தனியாக இருக்காதீர்கள், வீட்டில் ஒருவரிடம் அந்த நிமிடமே சொல்லுங்கள். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கையை மீறினால் 108.

தூக்கத்துக்கு உங்கள் வீட்டில் வழி இருக்கிறது. ராத்திரி தொடர்ந்து 5 மணி நேரம் வேண்டும். துண்டு துண்டான எட்டு மணி நேரம் அதற்கு ஈடாகாது. 9 மணிக்குப் பால் கொடுத்துவிட்டு, 9.30-க்கு வேறு அறையில் படுங்கள். 2.30 வரை பாப்பா அவர் பொறுப்பு. நடுவில் பசித்தால் பிழிந்து வைத்த தாய்ப்பாலைச் சங்கிலோ பாலாடையிலோ அவர் புகட்டட்டும். சங்கை ஒவ்வொரு முறையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். பிழிந்த பால் வெளியே 4 மணி நேரம்தான். கரூர் வெயிலுக்கு ஃபிரிட்ஜில் உள்பக்கம் வைப்பதே நல்லது, ஒரு நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். அடுப்பில் சூடு செய்யாமல், கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து எடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் மார்பு கட்டிக்கொண்டு எழுப்பும். வலிக்காத அளவுக்குக் கொஞ்சம் பிழிந்துவிட்டுத் திரும்பப் படுங்கள். காபி ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்குள், அதுவும் மதியம் 3 மணிக்கு முன்பு. அதிகம் குடிப்பவராக இருந்தால் ஒரேயடியாக நிறுத்தாமல் இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை டம்ளர் வீதம் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தலைவலி வரும். அதையும் ஏதோ நோய் என்று எடுத்துக்கொள்வீர்கள்.

மாத்திரை. பக்கத்து வீட்டு அக்காவின் பாதி மாத்திரை அநேகமாக அல்பிரசோலம் வகையாக இருக்கும். இரண்டு தடவைக்கு ஒன்றும் ஆகாது, இனி வேண்டாம். அரை மணியில் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மருந்து இறங்கும்போது பதற்றம் முன்பைவிடக் கூடி வரும். தினம் போட்டால் பழகிவிடும். பாலில் சேர்ந்து பாப்பாவையும் மந்தமாக்கலாம். எல்லாவற்றையும்விட, அதைப் போட்டுக்கொண்டு குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைத்தால் மேலே புரண்டால்கூட உங்களுக்குத் தெரியாது. வாரக்கணக்கில் தினமும் சாப்பிட்டவர்கள் மட்டும் திடீரென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் மூலம் குறைக்க வேண்டும்.

மேலே சொன்ன பயிற்சிகளை ஆறேழு வாரம் ஒழுங்காகச் செய்தும் அட்டாக் குறையவில்லை, அல்லது பயிற்சியையே ஆரம்பிக்க முடியாத அளவுக்குப் பயம், மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது என்றால் மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் யோசிப்பது செர்ட்ரலின் என்ற பதற்றம், மனச்சோர்வுக்கான மாத்திரை. பாலில் சேரும் அளவு மிகக் குறைவு. பாலை நிறுத்தத் தேவையில்லை, பால் கொடுக்கும் நேரத்தைக் கணக்குப் பார்க்கவும் தேவையில்லை. பேனிக் உள்ளவர்களுக்கு வழக்கமாக 25 மில்லிகிராமில் ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து 50 ஆக்குவார்கள். முதலிலேயே 50 போட்டால் படபடப்பு கூடி, பயந்து நிறுத்திவிடுவார்கள். குறைத்து ஆரம்பித்தாலும் முதல் பத்து நாள் லேசான குமட்டல், பரபரப்பு இருக்கலாம். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம், முழுசாகத் தெரிய அதற்கு மேலும் ஆகும். பலரும் தப்புப் பண்ணுவது இரண்டு இடத்தில்: 'கேட்கவில்லை' என்று பத்தாம் நாள் நிறுத்துவது, 'சரியாகிவிட்டது' என்று மூன்றாம் மாதம் நிறுத்துவது. சரியான பிறகும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். பாப்பா வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கினாலோ பால் குடிப்பது குறைந்தாலோ சொல்லுங்கள். உங்களுக்கோ உங்கள் ரத்த சொந்தங்களுக்கோ தூக்கமே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு நாள்கணக்கில் இருந்த வரலாறு இருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், மருந்து மாறும். இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டு கடையில் வாங்காதீர்கள். கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த நோட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துப் போங்கள், டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி பாதியாகக் குறையும்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. அட்டாக் நேரத்தில் "ஒண்ணுமில்ல, பயப்படாத" என்று சொல்லாதீர்கள், ஒன்றுமில்லை என்றால் ஏன் இப்படி இருக்கிறது என்றுதான் உங்கள் மனைவிக்குத் தோன்றும். "அட்டாக் வந்திருக்கு, அரை மணிக்குள்ள இறங்கிடும், நான் பாப்பாவப் பாத்துக்கறேன்" போதும். தண்ணீர், விசிறி, தைலம் என்று ஆளாளுக்கு ஓட வேண்டாம். இனி உங்களுக்கு: அவர் வேலையில் இருக்கும்போது அட்டாக் வந்தால், ஓடி வருவதற்குப் பதிலாகப் போனிலேயே இருக்கட்டும். அடுத்த வாரம், அட்டாக் ஆரம்பித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் நீங்கள் அழைப்பது. அதற்கடுத்த வாரம், முடிந்த பிறகு ஒரு மெசேஜ்.

அத்தை கட்டிய கயிறு கையில் இருக்கட்டும், அவிழ்க்கச் சொல்ல மாட்டேன். பாசத்தில் கட்டியது. டாக்டரிடம் போவதற்குப் பதிலாக அது இருக்கக்கூடாது. 'கயிறு இல்லாமல் வெளியே கால் வைக்க மாட்டேன்' என்ற நிலை வந்தால் மட்டும் அதுவும் இன்னொரு ஆக்சிமீட்டர்தான்.

பாப்பாவுக்கு அடுத்த ஊசி ஒன்பதாம் மாதம், தட்டம்மைக்கு. இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அவர் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்பார், அத்தை கூட வருகிறேன் என்பார். அன்றைக்கு டவுன் பஸ்ஸிலேயே போய்வருவதை ஏணியின் கடைசிப் படியாக இப்போதே நோட்டில் எழுதி வையுங்கள். முதல் படி நாளைக் காலையில், எண்ணெய் இல்லாத குளியல்.